தந்தையர் நாட்டைத் தேடிக் கண்டவர்: கலாநிதி ஆனந்த குமாரசுவாமி

கலிபோர்னியாவின் பிளசன்டன் நகரில் எம்மவர் இல்லங்கள் பலவற்றின் வரவேற்பறையில் நடராசர் திருவுருவம் ஒன்று இருக்கக் காண்கிறோம். வழிபாட்டிற்கு அயல் நகரான லிவர்மோரில் சிவா விஷ்ணு ஆலயமும் உண்டு. ஆயினும், அத்திருநடனத்தின் பொருள் யாதென்று இங்கு பிறந்த பிள்ளைகள் வினவினால், பெற்றோர் ஆங்கில நூலொன்றையே தேடி எடுத்துக் கொடுக்கின்றனர். அத்தகைய நூல்கள் கூறும் விளக்கத்திற் பெரும்பகுதி, இதே அமெரிக்க மண்ணில் மறைந்த ஈழத்தமிழர் ஒருவரின் மைந்தர் எழுதியதிலிருந்து வந்ததாகும்.

ஆனந்த குமாரசுவாமி 1877 ஆகஸ்ட் 22ஆம் நாள் கொழும்பிற் பிறந்தார். தந்தையார் சேர் முத்துக்குமாரசுவாமி, அரிச்சந்திரன் கதையை 1863இல் ஆங்கிலத்தில் தந்த சட்ட அறிஞர். பொன்னம்பலம் இராமநாதன், அருணாசலம் ஆகிய பெருமக்கள் அவரின் சகோதரி மக்கள். தாயார் எலிசபெத் ஆங்கிலேயப் பெண்மணி. இரண்டு வயதுக் குழந்தையுடன் தாயார் இங்கிலாந்து சென்றிருந்த வேளையில், 1879இல், தந்தையார் கொழும்பிற் காலமானார். அதன்பின் பிள்ளை முழுக்க முழுக்க ஆங்கிலச் சூழலிலேயே வளர்ந்தது. தமிழ் அதன் நாவிற் பழகவில்லை. இன்று பிளசன்டனில் வளரும் பிள்ளைக்குக் கிடைக்கும் வார இறுதித் தமிழ் வகுப்பும் அன்று அதற்கு இல்லை.

இலண்டனில் நிலவியல் கற்றுத் தேறிய அவர், 1903இல் இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுத் துறையின் பணிப்பாளரானார். தோரியனைற்று என்னும் கனிமத்தைக் கண்டறிந்தவரும் அவரே. கற்களைத் தேடி ஊரூராகச் சென்ற அந்த இளைஞரின் கண்ணிற் பட்டவை வேறு. ஓவியர், தச்சர், நெசவாளர் ஆகியோரின் பரம்பரைத் தொழில்கள் ஆதரிப்பாரின்றி அழிந்துகொண்டிருந்தன. கற்ற மேன்மக்களோ மேலங்கியும் தொப்பியும் அணிந்து, பிள்ளைகளுடன் ஆங்கிலத்திற் பேசுவதையே நாகரிகமெனக் கொண்டிருந்தனர். 1905இல் இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கம் அவர் தலைமையில் உருவாயிற்று. பிறர் சீர்திருத்தம் என்று எதனைக் கருதினரோ, அதற்கு நேர்மாறானதை அவர் அப்பெயரால் அழைத்தார். தாய்மொழிக் கல்வியும் சுதேச உடையும் கைத்தொழிலும் கைவிடப்பட்டபின், ஆட்சி மட்டும் கைமாறினால் எஞ்சுவது எது என்பதே அவர் எழுப்பிய வினா.

1908இல் அவர் வெளியிட்ட பெருநூல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றியது. வில்லியம் மோரிஸ் பயன்படுத்திய அச்சுப்பொறியிலேயே அது அச்சாயிற்று. தமிழரின் மகனொருவர் சிங்களவரின் கலைக்குச் செய்த தொண்டு இது. அவர் கனவுகண்ட தேசியத்தில் இரு மக்களுக்கும் இடமிருந்தது. அதே நாடு 1956இல் ஒரு மொழியை மட்டுமே அரசமொழியாக்கியது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் தீயிடப்பட்டது. தேசிய விழுமியங்கள் என்ற சொல்லை அகதிகளாகிய நாம் ஐயத்துடன் கேட்பதற்குக் காரணம் இல்லாமலில்லை.

சிவநடனம் பற்றிய அவரது கட்டுரை 1912இல் சித்தாந்த தீபிகையில் வெளிவந்தது. 1918இல் நியூயோர்க்கில் நூலாக வெளிவந்த தொகுப்பிற்கும் அதுவே பெயர் தந்தது. தமிழ் பேசி வளராத அவர், திருமந்திரத்தையும் உண்மை விளக்கத்தையும் துணைக்கொண்டே அப்பொருளை விளக்கினார். தாயின் மடியிற் கிட்டாததை முயன்று பெற்றவர் அவர் என்பதையே நாம் பெரிதாகக் கருதுகிறோம்.

குறையும் சொல்லவேண்டும். பழைய சமூக ஒழுங்கின் மீது கொண்ட பற்றினாற் சாதிமுறைக்கும் அவர் பரிந்து எழுதினார். அதனை நாம் ஏற்பதற்கில்லை. கைவினைஞரின் கலையைப் போற்றியவர், அவர் பட்ட இழிவையும் கண்டிருக்கலாம்.

தாம் திரட்டிய கலைச் செல்வங்களைக் கொண்டு காசியில் தேசிய நூதனசாலை அமைக்க அவர் விரும்பினார். ஆதரவு கிட்டவில்லை. முதலாம் உலகப்போரிற் பிரித்தானியாவுக்காகப் படையிற் சேரவும் அவர் மறுத்தார். 1917இல் அச்செல்வங்கள் பொஸ்ரன் நுண்கலை நூதனசாலைக்குச் சென்றன. அவரும் அங்கே இந்தியக் கலைப் பிரிவின் காப்பாளராகி, முப்பது ஆண்டுகள் பணியாற்றினார்.

1947 ஆகஸ்டில் இந்தியா விடுதலை பெற்றது. ஒரு வாரத்தின் பின் நிகழ்ந்த தமது எழுபதாவது பிறந்தநாள் விருந்தில், மறு ஆண்டு மனைவியுடன் இந்தியா திரும்பி அமைதியாக வாழப்போவதாக அவர் அறிவித்தார். பதினெட்டு நாட்களின் பின், செப்டெம்பர் 9ஆம் நாள், மசச்சூசெற்ஸ் மாநிலத்து நீடாம் என்னும் ஊரில் தம் வீட்டிலேயே காலமானார். இலங்கை விடுதலை பெற அப்போது ஐந்து மாதங்கள் இருந்தன.