ரூஸ்வெல்ட்டைச் சாய்த்த பிரஷர்

பிரஷர் என்றால் நமக்கு பாய்லரும் மானோமீட்டரும்தான் ஞாபகம் வரும். நான் எழுத வந்தது ரத்தத்தின் பிரஷரைப் பற்றி. அது ஒரு பெரிய மனிதரைச் சாய்த்த கதையைப் படித்ததிலிருந்து என் மனசு அதையே சுத்திக்கிட்டு இருக்கு.

பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1882-ல் நியூயார்க் மாநிலம் ஹைட் பார்க்கில், வசதியான குடும்பத்தில் பிறந்தார். 1921-ல், 39 வயதில், இளம்பிள்ளைவாதம் தாக்கிக் கால்கள் முடங்கிப் போயின. மனுஷன் அசரவில்லையே! 1932, 1936, 1940, 1944 என நான்கு முறை அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் ஜெயித்தார். வேறு யாருக்கும் கிடைக்காத பெருமை இது.

ஆனால் உள்ளே பி.பி. சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது. 1937-ல் 162/98, 1941-ல் 188/105. வயசானால் பிரஷர் ஏறத்தான் செய்யும் என்று அன்றைய டாக்டர்கள் பலர் நினைத்தார்கள். 1944 மார்ச்சில் இதய டாக்டர் ஹோவர்ட் புரூயன் பரிசோதித்தபோது இதயம் பெருத்துக் களைத்திருந்தது. டிஜிட்டாலிஸ் மருந்து கொடுத்தார். உப்பையும் சிகரெட்டையும் குறைக்க வைத்தார். பிரஷரை இறக்க நல்ல மாத்திரை அப்போது கிடையாது. ஜனங்களிடமோ, ஜனாதிபதி நலம் என்றே சொல்லி வந்தார்கள்.

1945 ஏப்ரல் 12. ஜார்ஜியாவின் வார்ம் ஸ்பிரிங்ஸில் ஓவியர் ஒருவர் படம் வரைய உட்கார்ந்திருந்தவர், தலை கடுமையாக வலிப்பதாகச் சொல்லி அப்படியே சாய்ந்தார். மேல் அளவு 300, கீழ் அளவு 190! மூளையில் ரத்தக்கசிவு. அன்றே போய்விட்டார். வயது 63.

1948-ல் அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஊரில் 5,209 பேரோடு இதய ஆய்வு தொடங்கியது. பி.பி. ஏறுவது சகஜமல்ல, மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் அதுவே வழி என்று உலகுக்குப் புரியவைத்ததில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. 1950-களின் கடைசியில் நல்ல மாத்திரைகளும் வந்தன.

மேல் எண் இதயம் சுருங்கும்போது உள்ள அழுத்தம். கீழ் எண் அது விரியும்போது உள்ளது. அலகு நம்ம லேப்பில் பார்க்கிற அதே பாதரச மில்லிமீட்டர்தான். 140/90-க்கு மேல் திரும்பத் திரும்பக் காட்டினால் டாக்டரைப் பார்க்கணும். தலைவலி, மயக்கம் வரட்டும்னு காத்திருக்க வேண்டாம். பெரும்பாலும் அது எந்த அறிகுறியும் காட்டாது.

ரூஸ்வெல்ட்டுக்கு அளக்கக் கருவி இருந்தது, மருந்து இல்லை. நமக்கு ரெண்டும் இருக்கு. லீவில் ஊருக்குப் போனால் அப்பா அம்மாவைக் கூட்டிப்போய் பி.பி. பார்த்துட்டு வாங்க. மாத்திரை சாப்பிடுகிறவர்கள், குறைஞ்சுடுச்சேன்னு தாங்களாகவே நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்!