வில்லியம் லெவிட்: நான் சொல்லாமல் விட்ட பாதிக் கதை

கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்த காலத்தில், உற்பத்தித் திறனை விளக்க வில்லியம் லெவிட்டின் வாழ்க்கையை அடிக்கடி எடுத்துக்காட்டுவேன். ஓய்வுபெற்ற பிறகு எண்ணிப் பார்க்கையில், மாணவர்களுக்குப் பாதிக் கதையையே சொல்லியிருக்கிறேன் என்பது உறுத்துகிறது.

1907-இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் பிறந்தவர் லெவிட். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படையின் கட்டுமானப் பிரிவில் பணியாற்றினார். போர் முடிந்து திரும்பிய வீரர்களுக்குக் குடியிருக்க வீடு கிடைக்கவில்லை. 1947-இல் லாங் ஐலண்டின் உருளைக்கிழங்கு வயல்களில், தந்தையுடனும் தம்பியுடனும் சேர்ந்து ஒரு நகரத்தையே எழுப்பத் தொடங்கினார். அதுவே லெவிட்டவுன்.

மோட்டார் தொழிற்சாலையில் வண்டி நகரும். தொழிலாளி ஓரிடத்தில் நிற்பார். லெவிட் அதைத் தலைகீழாக்கினார். வீடு அசையாமல் நிற்க, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு குழு வீடு வீடாக நகர்ந்தது. உச்சகட்டத்தில் நாளொன்றுக்கு முப்பது வீடுகளுக்கு மேல் முடிந்தன. 1951-க்குள் அங்கே 17,000-க்கும் அதிகமான வீடுகள் இருந்தன. 1949-இல் ஒரு வீட்டின் விலை 7,990 டாலர். சலவை இயந்திரமும் அதில் அடக்கம். அரசின் கடன் உத்தரவாதம் இருந்ததால், முன்னாள் வீரர்கள் முன்பணமின்றியே வாங்க முடிந்தது.

நான் சொல்லாமல் விட்டது இனிமேல்தான் வருகிறது. அதே போரில் பங்கேற்ற கறுப்பின வீரர்களுக்கு அந்த வீடுகள் விற்கப்படவில்லை. தொடக்ககால ஒப்பந்தங்களில் அந்தத் தடை எழுத்திலேயே இருந்தது. இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் செயல்படுத்தக் கூடாது என 1948-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகும் நடைமுறை மாறவில்லை. கறுப்பினத்தவர் குடியேறினால் வெள்ளையர் வாங்க மாட்டார்கள் என்பது, தாமே யூதரான லெவிட் கூறிய வணிகக் காரணம். 1957-இல் பென்சில்வேனியா லெவிட்டவுனில் ஒரு கறுப்பினக் குடும்பம் முந்தைய உரிமையாளரிடமிருந்து வீடு வாங்கியபோது, கூட்டம் திரண்டு கல்லெறிந்தது.

நடுத்தரக் குடும்பத்துக்கு வீடே பெரிய சேமிப்பு. அதன் மதிப்பு உயர உயர, பிள்ளைகளின் படிப்புக்கும் முதுமைக்கும் அது முதலாகும். பொதுப்பணத்தின் துணையோடு ஒரு சாராருக்கு அந்த முதல் சேர்ந்தது. மற்றவருக்குக் கதவு சாத்தப்பட்டது. அந்த இடைவெளி அடுத்த தலைமுறைக்கும் தொடர்ந்தது.

1968-இல் லெவிட் தம் நிறுவனத்தை ஏறத்தாழ 9 கோடி டாலருக்கு, பெரும்பாலும் பங்குகளாகப் பெற்று விற்றார். பங்குகள் சரிந்தன, பின்னர்த் தொடங்கிய தொழில்களும் கைகொடுக்கவில்லை. 1994-இல் செல்வமிழந்தே மறைந்தார். அவர் இழந்தது தாமே செய்த முடிவுகளால்; கதவுக்கு வெளியே நின்றவர்களுக்கோ முடிவெடுக்கும் வாய்ப்பே தரப்படவில்லை.

மீண்டும் ஒரு வகுப்பு வாய்த்தால், எத்தனை வீடுகள் என்பதோடு, அவை யாருக்கு என்றும் கேட்கக் கற்றுக்கொடுப்பேன்.