கோல் கம்பங்களுக்கு நடுவே ஆறுமுகம்

லீக் தொடங்கி நான்கைந்து ஆட்டங்கள்தான் முடிந்திருக்கும். அதற்குள் ஜொகூர் ரசிகர்களாகிய நாங்கள் புள்ளிப் பட்டியலை நூறு முறை பார்த்துவிடுவோம். புதிதாக வந்த வெளிநாட்டு ஆட்டக்காரர் தேறுவாரா, தற்காப்பில் யாரை மாற்ற வேண்டும் என்று ஸ்கூடாய் சாப்பாட்டுக் கடைகளில் விவாதம் சூடு பிடிக்கும். 2014 முதல் ஆண்டு தவறாமல் ஜேடிதி சூப்பர் லீக்கை வென்று வருவதால் எங்களுக்குப் பேராசை வந்துவிட்டது. ஒரு கோல் விழுந்தால்கூடப் பொறுக்காது. முதல் பழி விழுவது கோல்காவலர் தலையில்தான்.

அப்படி யாராவது கோல்காவலரைத் திட்டும்போது நான் ஆர். ஆறுமுகத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவேன். அவர் ஜொகூர்க்காரர் அல்லர். போதாக்குறைக்கு எங்கள் பழைய எதிரியான சிலாங்கூரின் ஆட்டக்காரர். ஆனாலும், கோல் கம்பங்களுக்கு நடுவே நிற்பது என்றால் என்ன என்று புரிந்துகொள்ள விரும்பும் மாணவர்களுக்கு அவர் வாழ்க்கையைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

ஆறுமுகம் ரெங்கசாமி 1953 ஜனவரி 31ஆம் தேதி கோலக் கிள்ளானில் பிறந்தார். போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரில் அது துறைமுக நகரமாக இருந்த காலம். இருபது வயதில், 1973இல், தேசிய அணிக்குள் வந்துவிட்டார். அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் மலேசியா மெர்டேக்கா கிண்ணத்தை வென்றது. 1974இல் தெஹ்ரானில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் வட கொரியாவை 2-1 என்று வீழ்த்தி வெண்கலம் பெற்றது. ஆசிய விளையாட்டுக் காற்பந்தில் அதற்குப் பிறகு நமக்கு ஒரு பதக்கம்கூடக் கிடைத்ததில்லை என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவருடைய கைகள் நீளமானவை. அதனால் ரசிகர்கள் வைத்த பெயர் ஸ்பைடர்மேன். கோல் கம்பங்களுக்கு இடையே 7.32 மீட்டர் அகலம். குறுக்குக் கம்பம் 2.44 மீட்டர் உயரம். பினால்டி உதைக்கு 11 மீட்டர் தூரத்தில் பந்தை வைக்கிறார்கள். பலமாக உதைத்தால் அது அரை விநாடிக்குள் கோலை எட்டிவிடும். பார்த்து, முடிவெடுத்து, பாய்வதற்கு அவ்வளவுதான் நேரம். நீண்ட கை இருந்தால் ஓர் எட்டு மிச்சம், உண்மைதான். ஆனால், எங்கே நிற்பது என்று தெரியாதவனுக்குக் கை நீண்டிருந்து என்ன பயன்?

அவர் காலத்து விதியையும் சொல்ல வேண்டும். தன் அணி ஆட்டக்காரர் காலால் பின்னுக்குத் தள்ளும் பந்தைக் கோல்காவலர் கையால் எடுக்கக் கூடாது என்ற விதி 1992இல்தான் வந்தது. இன்றைய கோல்காவலர் பாதி நேரம் தற்காப்பு ஆட்டக்காரரைப் போலக் காலால் பந்தைக் கடத்துகிறார். ஆறுமுகத்திற்கு அந்த வேலை குறைவு. கைதான் அவருக்கு முதல். முன்னால் சோ சின் ஆனும் சந்தோக் சிங்கும் சுவராக நிற்பார்கள். அந்தச் சுவரையும் தாண்டி வருகிற பந்து இவருடையது. மொக்தார் டஹாரி மறுமுனையில் கோல் போடுவார். மறுநாள் பத்திரிகையில் அவர் படம் வரும். கோல்காவலர் தடுத்த பந்துகளை யார் எண்ணி வைக்கிறார்கள்?

சிலாங்கூர் 1975, 1976, 1978, 1979 என்று மலேசியக் கிண்ணத்தை வரிசையாகத் தூக்கிய காலம் அது. ஜொகூரில் இருந்த நாங்கள் வயிறெரிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். எங்களுக்கு முதல் மலேசியக் கிண்ணம் வர 1985 ஆகிவிட்டது. தேசிய அணிக்கு மட்டும் அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. சிலாங்கூர் கோல்காவலர் அன்றைக்கு எங்கள் கோல்காவலர். 1977இலும் 1979இலும் சீ விளையாட்டுப் போட்டியில் தங்கம் வந்தது.

பிறகு 1980 ஏப்ரல் 6. மாஸ்கோ ஒலிம்பிக்கிற்கான தகுதிச் சுற்று, மெர்டேக்கா அரங்கம், எதிரில் தென் கொரியா. குலாய்க்கு அருகே எங்கள் தோட்டத்தில் பத்துப் பதினைந்து வீட்டார் ஒரே வானொலியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். ஆட்டம் 1-1 என்று இழுத்துக்கொண்டே போனது. கடைசிக் கட்டத்தில் ஹசான் சானி தள்ளிக் கொடுத்த பந்தை ஜேம்ஸ் வோங் வலைக்குள் அனுப்பினார். இருவரும் சபாவைச் சேர்ந்தவர்கள். அதற்குப் பிறகு மிச்சமிருந்த சில நிமிடங்கள் இருக்கின்றனவே, அவை கோல்காவலருக்கு உரியவை. முன்னிலையில் இருக்கும் அணியில் கடிகாரம் அவருக்குத்தான் மிக மெதுவாக ஓடும். 2-1. மலேசியா ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றது.

ஆனால் போகவில்லை. 1979 டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததைக் கண்டித்து அமெரிக்கா மாஸ்கோ போட்டியைப் புறக்கணித்தது. மலேசியாவும் அந்த அணியில் சேர்ந்தது. அரசியல் ரீதியாக அந்த முடிவு சரியா தவறா என்று இன்றும் வாதிடலாம். ஒரு நாட்டின் மீது படையெடுத்ததற்கு எதிர்ப்புக் காட்டுவது சிறிய விஷயமில்லை. ஆனால், விலை கொடுத்தவர்கள் ஆட்டக்காரர்கள். நமக்குப் பதிலாக ஈராக் சென்றது. காலிறுதி வரை முன்னேறியது. ஆறுமுகத்துக்கு அப்போது 27 வயது. கோல்காவலருக்கு அது நல்ல பருவம். அந்த வாசல் மறுபடியும் திறக்கவே இல்லை. அவருக்கு மட்டுமல்ல, மலேசிய ஆண்கள் காற்பந்து அணி அன்று முதல் இன்று வரை ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெறவில்லை.

எனக்கு அவரைப் பிடித்துப்போனது அதற்குப் பிறகு நடந்ததால்தான். ஆறுமுகம் கையுறையைக் கழற்றி வைக்கவில்லை. 1986 வரை தேசிய அணியில் இருந்தார். எல்லா வகை அனைத்துலக ஆட்டங்களையும் சேர்த்து நாட்டுக்காக அவர் 196 முறை களமிறங்கினார் என்பது கணக்கு. அதில் பாதிக்கும் மேல் யாருக்கும் இன்று நினைவில்லாத ஆட்டங்கள். ஒலிம்பிக் கனவு போன பிறகும், ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் முதல் நாள் பயிற்சிக்குப் போய் நிற்பதற்கு ஒரு மனம் வேண்டும்.

1988 டிசம்பர் 15ஆம் தேதி சாலை விபத்தில் அவர் இறந்தார். 36ஆவது பிறந்த நாளுக்கு ஏழு வாரம்கூட இல்லை.

2016இல் வந்த ஓலா போலா படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 1980 அணியின் கதையைத் தழுவி எடுத்தது. அதில் முத்து என்ற தமிழ் இளைஞன் கோல்காவலனாக வருவான். மாசாயில் எனக்குத் தெரிந்த மாணவர்களிடம் கேட்டால் முத்துவைத் தெரியும் என்கிறார்கள். ஆறுமுகம் யார் என்று கேட்டால் விழிக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதினேன். சனிக்கிழமை அரங்கத்திற்கு வருகிறவர்கள், பந்து மறுமுனையில் இருக்கும்போது நம் கோல்காவலர் என்ன செய்கிறார், எத்தனை எட்டு முன்னால் வந்து நிற்கிறார், யாரைப் பார்த்துக் கத்துகிறார் என்று ஒரு பத்து நிமிடம் கவனித்துப் பாருங்கள்.