மேரி வர்கீஸ்

மேரி வர்கீஸ் (1925 - 1986) இந்தியாவில் உடலியல் மறுவாழ்வு மருத்துவத்திற்கு வித்திட்ட முன்னோடிகளுள் ஒருவர் ஆவார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றினார். விபத்தொன்றில் இடுப்பிற்குக் கீழ் செயலிழந்த பின்னர், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவைச் சிகிச்சைகள் செய்தவர் என்ற வகையில் பரவலாக அறியப்படுகிறார்.

பிறப்பும் கல்வியும்

மேரி கேரளத்தின் கொச்சிப் பகுதியில் வசதியான குடும்பமொன்றில் பிறந்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் பயின்றார். மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்பதே அவரது விருப்பமாக இருந்தது.

விபத்து

1954 ஆம் ஆண்டு உடன் பணியாற்றிய மருத்துவர்களுடன் சென்றபோது அவர்களது ஊர்தி விபத்துக்குள்ளானது. மேரியின் முகத்திலும் முதுகெலும்பிலும் கடுங்காயம் ஏற்பட்டது. தண்டுவடம் சிதைந்ததால் கால்கள் நிலையாகச் செயலிழந்தன. மகப்பேறு மருத்துவக் கனவும் அத்துடன் முடிந்தது.

அறுவை மருத்துவராக

தொழுநோய் நரம்புகளைத் தாக்கும்போது கையின் சிறுதசைகள் வலுவிழந்து விரல்கள் மடங்கிவிடுகின்றன. நல்ல நிலையில் உள்ள ஒரு தசையின் நாணை இடம் மாற்றிப் பொருத்தி அவ்விரல்களை மீண்டும் இயங்கச் செய்யும் அறுவை முறையை வேலூரில் வளர்த்தெடுத்தவர் பால் பிராண்ட். கை அறுவையை அமர்ந்துகொண்டே செய்ய இயலும். எனவே அவர் மேரியை இத்துறைக்கு ஊக்குவித்தார். கால்களை இழந்த மருத்துவர் பிறரது கைகளைச் சீராக்கத் தொடங்கினார்.

மறுவாழ்வு மருத்துவம்

தண்டுவடக் காயமுற்றோர் பலர் அக்காலத்தில் காயத்தால் அன்றி, படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் இறந்தனர். பிழைத்தவர்களும் வீட்டின் மூலையில் முடங்கினர். ஆத்திரேலியாவின் பெர்த் நகரில் தாம் பெற்ற பயிற்சியினால், இந்நிலை மாற்றக்கூடியதே என்பதை மேரி நேரடியாக உணர்ந்தார். பின்னர் நியூயார்க்கில் ஓவர்டு ரசுக் நிறுவிய மறுவாழ்வு நிலையத்தில் இத்துறையைப் பயின்றார்.

1963 இல் வேலூரில் உடலியல் மறுவாழ்வு மருத்துவத் துறையின் தலைவரானார். 1966 இல் உள்நோயாளிகளுக்கான மறுவாழ்வு நிலையம் பாகாயத்தில் திறக்கப்பட்டது. இழந்த உணர்வை மீட்க முடியாதபோதும், எஞ்சியுள்ள தசைகளை வலுப்படுத்துதல், அடிக்கடி உடல் நிலையை மாற்றிப் புண் வராமல் காத்தல், படுக்கையிலிருந்து தாமே நாற்காலிக்கு மாறுதல், ஒரு தொழிலைக் கற்றல் ஆகியன இத்தகைய மறுவாழ்வுப் பயிற்சியின் அடிப்படைகளாகும். இவற்றை அறிவுறுத்திய மருத்துவரே சக்கர நாற்காலியில் இருந்தமையால், நோயாளிகள் தம் எதிர்காலத்தைக் கண்ணெதிரே காண முடிந்தது.

சிறப்புகள்

இந்திய அரசு 1972 இல் இவருக்குப் பத்மசிறீ விருது வழங்கியது. இவரது வாழ்க்கை வரலாற்றை அமெரிக்க எழுத்தாளர் டோரதி கிளார்க் வில்சன் ஆங்கிலத்தில் நூலாக எழுதியுள்ளார். மேரி 1986 இல் காலமானார். பாகாயத்தில் உள்ள மறுவாழ்வு நிலையம் தற்போது இவரது பெயரையே தாங்கியுள்ளது.