கோட்டை வீடும் பழைய துவக்கும்

திருகோணமலை பிரட்ரிக் கோட்டையினுள் வெல்லெஸ்லி இல்லம் என்றொரு பழைய கட்டடம் உள்ளது. பின்னாளில் வெலிங்டன் கோமகன் எனப் புகழ்பெற்ற ஆர்தர் வெல்லெஸ்லியின் பெயரை அது தாங்கி நிற்கிறது. அவர் இங்கு நோயுற்றுக் கப்பலைத் தவறவிட்டார், கப்பல் மூழ்கியது, அவர் பிழைத்தார் என்னும் கதையை நாம் கேட்டிருக்கிறோம். அக்கதையில் பாதியே உண்மை.

1769இல் அயர்லாந்தில் பிறந்த வெல்லெஸ்லி 1797இல் இந்தியா வந்தார். 1799 ஏப்ரலில் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் அருகே, திப்பு சுல்தானின் படையினரிடம் இரவுத் தாக்குதலொன்றில் தோற்றுப் பின்வாங்கினார். மே 4இல் கோட்டை வீழ்ந்து திப்பு வீரமரணம் எய்திய பின், அந்நகரின் நிர்வாகம் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1800 இறுதியில் கடல் கடந்த படையெடுப்பொன்றைத் தயார்செய்யத் திருகோணமலை வந்தார்; 1801 தொடக்கத்தில் பம்பாய் சென்றார். காய்ச்சலில் விழுந்ததும் எகிப்து செல்லும் கப்பலைத் தவறவிட்டதும் அங்கேதான். அக்கப்பலே மூழ்கியது.

அவர் இங்கு தங்கியது வாடைக்காற்று மழைக்காலம். அன்றைய படைவீரன் கையில் இருந்தது ஒருமுறை சுட்டதும் மீண்டும் மருந்து இடிக்க வேண்டிய சக்கிமுக்கிக் கல் துவக்கு. கல் உரசித் தெறிக்கும் பொறி திறந்த கிண்ணத்திலுள்ள மருந்தில் விழ வேண்டும். மருந்து நனைந்தால் துவக்கு வெறுந்தடி. 1815இல் வாட்டர்லூவில் நெப்போலியனை அவர் வென்றதும் இவ்வகைத் துவக்குகளைக் கொண்டே.

1834இல் வுலிச்சில் நடந்த சோதனையில், கல் துவக்கு ஏறத்தாழ ஏழு முறைக்கு ஒருமுறை வெடிக்கத் தவறியது. செப்புக் கேப்பு வைத்த துவக்கோ நூற்றறுபதுக்கும் மேற்பட்ட வெடிகளில் ஒருமுறையே தவறியது. எனவே பழைய துவக்குகள் பல எறியப்படாமல் மாற்றியமைக்கப்பட்டன. குழல் அப்படியே இருந்தது. கிண்ணமும் கல்லும் அகற்றப்பட்டு, கேப்பைத் தாங்கும் முளையும் அதை அடிக்கும் சுத்தியலும் பொருத்தப்பட்டன. 1842இல் வெலிங்டன் மீண்டும் தலைமைத் தளபதியானபோது இம்மாற்றம் நடந்துகொண்டிருந்தது. புதுமையை எளிதில் ஏற்காதவர் எனப் பெயரெடுத்த அவரே, 1851இல், குழலில் புரி வெட்டிய மினியே துவக்கிற்கு இசைவளித்தார். 1852 செப்டம்பர் 14இல் மறைந்தார்.

அவ்வழியில் வந்த என்பீல்டு துவக்கின் தோட்டாவில் பசுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும் தடவப்பட்டுள்ளன என்ற செய்தியே, 1857இல் இந்து, முஸ்லிம் சிப்பாய்களை ஓரணியில் எழச்செய்தது. 1866 முதல் அதே என்பீல்டின் பின்புறம் வெட்டித் திறக்கப்பட்டு, அடிப்பாகத்தின் நடுவே கேப்பு பதித்த தோட்டாவை ஏற்கும் சினைடர் துவக்காக மாற்றப்பட்டது.

வெடிக்கும் முறை மாறிக்கொண்டே இருந்தது. குழல் யாரை நோக்கியது என்பது மாறவில்லை. கோட்டைக்குச் செல்லும் நம் பிள்ளைகளுக்கு, தப்பிப் பிழைத்த தளபதியின் கதையோடு, தன் நகரைக் காத்து மடிந்த திப்புவின் கதையையும் நாம் சொல்லியாக வேண்டும்.