பால் புரோக்கா

பியேர் பால் புரோக்கா (ஜூன் 28, 1824 - ஜூலை 9, 1880) பிரான்சு நாட்டைச் சேர்ந்த மருத்துவரும் உடற்கூற்றியலாளரும் மானிடவியலாளரும் ஆவார். பேச்சுத்திறனுடன் தொடர்புடைய மூளைப்பகுதியை நோயாளிகளின் மூளைகளைக் கொண்டு சுட்டிக்காட்டியவர் இவர். அப்பகுதி இன்று புரோக்கா பகுதி என அழைக்கப்படுகிறது.

வாழ்க்கை

புரோக்கா, போர்தோ நகருக்கு அண்மையிலுள்ள செயிந்த்-ஃபுவா-லா-கிராந்த் என்னும் ஊரில் பிறந்தார். பாரிசில் மருத்துவம் பயின்று, அங்கேயே அறுவை மருத்துவராகப் பணியாற்றினார். 1859 ஆம் ஆண்டில் பாரிசு மானிடவியல் கழகத்தை நிறுவினார். 1880 இல் பிரெஞ்சு மேலவையின் வாழ்நாள் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே ஆண்டில் தமது 56 ஆவது அகவையில் காலமானார்.

பேச்சுப் பகுதி

மூளையின் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனிப் பணி உண்டா, அல்லது பெருமூளை முழுவதும் ஒன்றாகவே இயங்குகிறதா என்பது அக்காலத்தில் பெரும் விவாதத்துக்குரியதாக இருந்தது. பிளூரென்சு போன்றோர் இரண்டாவது கருத்தை ஆதரித்தனர். பேச்சு மூளையின் முன்பகுதியைச் சார்ந்தது என்று புய்யோ வாதிட்டார்.

1861 ஏப்ரலில், பிசேத்ர மருத்துவமனையில் நெடுங்காலம் தங்கியிருந்த லெபோர்ன் என்ற நோயாளி புரோக்காவின் சிகிச்சைக்கு வந்தார். பிறர் கூறுவதைப் பெரும்பாலும் புரிந்துகொண்ட அவரால் டான் என்ற ஒரே அசையைத் தவிர வேறெதையும் ஏறக்குறைய சொல்ல இயலவில்லை. சில நாட்களில் அவர் இறந்தார். அவரது மூளையை ஆராய்ந்தபோது இடப்பக்க நெற்றிமடல் சிதைந்திருந்தது. ஒருசில சொற்களை மட்டுமே பேச முடிந்த லெலோங் என்ற முதியவரின் மூளையிலும் அதே பகுதியில் பாதிப்பு காணப்பட்டது. மேலும் பலரை ஆராய்ந்த புரோக்கா, பேச்சில் மூளையின் இடப்பாதியே முதன்மைப் பங்கு வகிக்கிறது என்று 1865 இல் எடுத்துரைத்தார்.

பிற்கால மதிப்பீடு

இவ்விரு மூளைகளையும் புரோக்கா துண்டுகளாக வெட்டாமல் பாதுகாத்தார். இதனால் 2007 இல் வெளியான ஆய்வொன்றில் அவற்றைக் காந்த அதிர்வுப் படமெடுத்து மீண்டும் ஆராய முடிந்தது. சிதைவு மேற்பரப்பில் மட்டுமன்றி, உள்ளேயுள்ள நரம்பிழைக் கற்றைகளிலும் பரவியிருந்தது தெரியவந்தது. பேச்சு ஒரே இடத்தின் பணியன்று, ஒன்றோடொன்று இணைந்த பல பகுதிகளின் கூட்டுப் பணி என்பதே இன்றைய கருத்தாகும்.

மண்டையோடுகளையும் மூளையின் எடையையும் அளந்து, இனங்களுக்கிடையிலும் ஆண் பெண்ணுக்கிடையிலும் அறிவாற்றலில் ஏற்றத்தாழ்வு உண்டு என்று புரோக்கா கொண்ட முடிவுகளை இன்றைய அறிவியல் ஏற்பதில்லை. எனினும், நோயாளியின் குறைபாட்டையும் இறந்தபின் அவரது மூளையில் காணும் சிதைவையும் ஒப்பிட்டறியும் முறை, நரம்பியலுக்கு அவர் விட்டுச்சென்ற முக்கியப் பங்களிப்பாகும்.