கழற்றிக் கற்றவர்

கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில், உழவர் குடும்பம் ஒன்றில், 1893ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23ஆம் நாள் கோ. துரைசாமி நாயுடு பிறந்தார். ஜி. டி. நாயுடு என்னும் பெயரால் நாடு அவரை அறியும். ஏட்டுக் கல்வியில் அவர் உள்ளம் ஈடுபடவில்லை. பள்ளிப் படிப்பு தொடக்க வகுப்புகளோடு நின்றது.

ஒரு நாள் ஆங்கிலேய வருவாய்த்துறை அலுவலர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் சென்றதை அவர் கண்டார். அது இங்கிலாந்து நாட்டில் செய்யப்பட்ட 'ரட்ஜ்' வண்டி. மாட்டு வண்டிகளையே பார்த்துப் பழகிய இளைஞருக்கு, இழுக்கும் விலங்கு இன்றித் தானே ஓடும் அவ்வண்டி பெருவியப்பை அளித்தது. அது தமக்கும் வேண்டும் என்னும் வேட்கை அவரைப் பற்றிக்கொண்டது.

வேட்கை இருந்தது, கையில் பொருள் இல்லை. எனவே கோயம்புத்தூருக்குச் சென்று, உணவு விடுதி ஒன்றில் பரிமாறும் வேலையில் அமர்ந்தார். கிடைத்த கூலியைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, விரும்பிய வண்டியை விலைக்கு வாங்கினார்.

அரும்பாடுபட்டுப் பெற்ற பொருளைத் துடைத்துப் போற்றி, ஊரார் வியக்க ஓட்டி மகிழ்வதே உலக வழக்கு. அவரோ அதன் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். மீண்டும் பூட்ட இயலாது போயின், உழைப்பின் பயன் முழுவதும் வெறும் இரும்புக் குவியலாய்விடும். அதற்கு அவர் அஞ்சவில்லை. பெட்ரோல் ஆவி காற்றோடு கலந்து உருளைக்குள் புகுவதும், பிஸ்டன் அதனை அழுத்துவதும், மின்பொறி பட்டு அது எரிவதும், அவ்விசையால் சக்கரம் சுழல்வதும் ஆகிய நுட்பங்களை உணர்ந்தார். பன்முறை கழற்றிப் பன்முறை பூட்டினார். வண்டியை ஓட்டும் இன்பத்தினும் அதனை அறியும் இன்பம் அவருக்குப் பெரிதாயிற்று.

பின்னலாடையால் இன்று உலகறிந்த திருப்பூரில் அவர் பருத்தி வாணிகம் தொடங்கினார். முதல் உலகப் போர்க் காலத்தில் அது செழித்தது. மேலும் பொருளீட்ட விரும்பிப் பம்பாய்க்குச் சென்றார்; அங்கிருந்த பெருவணிகரோடு போட்டியிட இயலாமல் ஊர் திரும்பினார். பொருள் போயிற்று; கைகள் கற்ற தொழிலறிவு போகவில்லை.

ராபர்ட் ஸ்டேன்சு என்னும் ஆங்கிலேயத் தொழிலதிபர் 4,000 ரூபாய் கடனாக அளித்து உதவினார். 1920இல் ஒரு பேருந்தை வாங்கிய நாயுடு, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அதனைத் தாமே ஓட்டினார். அவ்வொரு வண்டியே பெரிய நிறுவனமாக வளர்ந்தது.

பின்னர் மின்மோட்டார் முதலிய பொறிகளை ஆக்குவதிலும் அவர் ஈடுபட்டார். 1945இல் கோயம்புத்தூரில் ஆர்தர் ஹோப் பெயரால் தொழிற்பயிற்சிக் கல்விக்கூடம் தோன்றக் காரணமாக இருந்தார். கற்பன கைகளுக்கும் பயன்பட வேண்டும் என்பது அவர் கொள்கை. 1974ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் அவர் மறைந்தார்.

பொருளை உடைமையாகப் பெறுதல் எளிது. அதன் உள்ளியல்பை அறிந்து ஆளுதல் அரிது. அவ்வரிய வழியை நாடியமையாலேயே, விடுதியில் பரிமாறிய இளைஞர் தொழில் மேதையாக உயர்ந்தார்.